இன்னொரு ஊடு

லூர்துசெல்வி என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் லாசருக்கு வேர்த்துவிடும். ஏற்காட்டுக் குளிரில், மார்கழி மாதக் காலையில் கேட்டாலும் வேர்க்கும். பிக்கப் ஓட்டுகிறவன். கொண்டை ஊசி வளைவில் எதிரே சுற்றுலா பஸ் வந்து மூக்கை நீட்டினாலும் அசராதவன். பெண்டாட்டியின் வேலையைச் சொல்லச் சொன்னால் மட்டும் நாக்கு சுருண்டுகொள்ளும்.

"கம்ப்யூட்டர்ல ஃபாரம் செய்யுதுங்க" என்பான்.

ஒண்டிக்கடை முக்கில் இருக்கிற டீக்கடையில் அதைக் கேட்டவர்கள் அவரவருக்குத் தோன்றியபடி எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் ரேஷன் கார்டில் பேரன் பெயரைச் சேர்க்க ஃபாரம் கிடைக்குமா என்றார். இன்னொருவர் ஜெராக்ஸ் சாயங்காலம் வரைக்கும் உண்டா என்றார். வெள்ளைத் தாளில் கட்டம் போடுகிற வேலைக்குச் சேலம் போய்ப் படிக்க வேண்டுமா என்று மூன்றாமவர் கேட்க, லாசர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டான்.

அந்தக் கோபத்தோடு வீட்டுக்கு வந்தவனைப் பக்கத்தில் உட்காரவைத்து லூர்துசெல்வி பொறுமையாகச் சொன்னாள். வெப்சைட் நடத்துவதற்கென்றே ஒரு மென்பொருள் இருக்கிறது. பக்கம், படம், செய்தி எல்லாம் அதில் ஏற்றிக்கொள்ளலாம். படிவம் வேண்டுமென்றாலும் மவுஸால் இழுத்துப் போட்டால் போதும். பெயருக்கு ஒரு பெட்டி, ஊருக்கு ஒரு பெட்டி என்று வந்து நிற்கும். அவள் அப்படிச் செய்வதில்லை. ஒவ்வொரு கட்டத்தையும் கம்ப்யூட்டருக்குப் புரிகிற கோடில் எழுதுவாள். இந்தக் கட்டத்தின் பெயர் இது, இதைக் காலியாக விடக் கூடாது, இதில் இன்ன பதில் வந்தால் அடுத்ததைத் திற, வராவிட்டால் மூடிவை என்று வரிவரியாகக் கட்டளை போட்டுவைத்தால், யார் வந்து திறந்தாலும் மென்பொருள் அந்தக் கட்டளைகளைப் படித்து அவருக்கென்று ஒரு படிவத்தை அப்போதுதான் செய்து கொடுக்கும்.

"இழுத்துப் போட்டா ஆகறதுக்கு எதுக்குப் புள்ள இத்தனை எழுதற?"

"இழுத்துப் போட்ட ஃபாரம் கேள்வி மட்டுந்தானுங்க கேக்கும். எழுதிப் பண்ணுன ஃபாரம் பதிலைக் கேட்டு நடந்துக்கும்."

லாசருக்கு உடனே ஒரு பழைய நாள் ஞாபகம் வந்தது. அவன் கிளியூர்க்காரன். அவள் நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் குடியிருப்பில் பிறந்தவள். அப்பா எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர், அம்மா தினக்கூலிக்குக் காப்பிப் பழம் எடுத்தவர். பெண் பார்க்கப் போன அன்று பெரியவர்கள் கூடத்தில் பங்குச் சாமியாரின் மாற்றலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, சமையலறை வாசலில் நின்று கேள்வி கேட்டவள் அவள்தான். சிகரெட் உண்டா என்றாள். இல்லை என்றான். அந்த விஷயத்தை அத்தோடு விட்டுவிட்டாள். குடி உண்டா என்றாள். "எப்பவாச்சும்" என்று நேர்மையாகச் சொல்லி மாட்டிக்கொண்டான். எப்பவாச்சும் என்றால் மாதத்துக்கா வருஷத்துக்கா, யாரோடு, வண்டி எடுக்கிற நாளிலுமா, குடித்துவிட்டு வந்தால் சாப்பிடுவீர்களா அப்படியே படுத்துவிடுவீர்களா என்று அந்த ஒரு பதிலின் வயிற்றிலிருந்து கேள்விகளாகப் பிறந்தன.

"அடிப்பாவி, அன்னைக்கு எங்கிட்ட ஃபாரந்தான் ரொப்பி வாங்குனயா?" என்றான். அவள் சிரித்த சிரிப்பில் லேப்டாப் மடியிலிருந்து நழுவப் பார்த்தது.

அன்றைக்கு அவள் கேட்ட கடைசிக் கேள்வி, எப்பவும் மலையிலேயே இருப்பீர்களா என்பது. சாகிற வரைக்கும் என்றான் லாசர். அவனுக்குச் சேலம் ஆகாது. ஒரு சித்திரை மாதம் சின்னம்மா ஊட்டில் நான்கு நாள் தங்கியதற்கு முதுகெல்லாம் வேர்க்குரு பூத்து, சட்டை போட முடியாமல் துண்டோடு பஸ் ஏறி வந்தவன். அதே கேள்வியை அவளிடம் திருப்பிக் கேட்க அன்று அவனுக்குத் தோன்றவில்லை. இந்த வருஷம்தான் தோன்றிக்கொண்டே இருந்தது, கேட்கத்தான் பயமாக இருந்தது.

ஏனென்றால் இத்தனை வருஷமாக அவள் சோறு சம்பாதித்தது சேலத்தில். கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி காலை பஸ்ஸில் இறங்கி, வெப்சைட் செய்து தரும் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, அதே எலுமிச்சம்பழத்தோடு மேலே ஏறுவாள். மகள் சாரா பிறந்த பிறகும் அப்படித்தான். போன வருஷம் மலைக் காப்பி விவசாயிகள் சங்கம் தனக்கென்று ஒரு வெப்சைட் வேண்டுமென்றபோது, உள்ளூர்ப் பெண் ஒருத்தி இருக்கிறாளே என்று அவளை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் இந்த ஒரு பருவம் சோதனைக்கு. சரிப்பட்டால் நிலையான வேலை. சரிப்படாவிட்டால் வெப்சைட்டை வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிடுவோம் என்பது கமிட்டி முடிவு. பழைய கம்பெனியோ பொங்கல் வரைக்கும்தான் நாற்காலி வைத்திருப்போம், வந்தால் தினமும் ஆபீஸில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. தினம் ஏறி இறங்க இனி உடம்பில் தெம்பில்லை என்று லூர்துசெல்வியும் சொல்லிவிட்டாள். சங்கத்து வேலை போனால் குடும்பத்தோடு சேலம். இதை இரண்டு பேரும் ஒரே ஒரு முறை பேசினார்கள். பிறகு லாசர் அந்தப் பேச்சு வருகிற நேரமெல்லாம் வண்டியைக் கழுவப் போய்விடுவான். மலையிலேயே மினுமினுப்பான பிக்கப் அந்தப் பருவத்தில் அவனுடையதுதான்.

சங்கத்துக்கு அவள் செய்ய வேண்டியிருந்தது ஒரு முன்பதிவுப் படிவம். சங்கத்தில் ஒரு பல்பர் இருக்கிறது, காப்பிப் பழத்தின் தோலை உரிக்கிற மெஷின். எடுத்த பழத்தை அன்றைக்கே உரித்தாக வேண்டும். ஒரு ராத்திரி சாக்கில் கிடந்தால் உள்ளேயே சூடேறிப் புளித்துவிடும், அப்புறம் அந்தக் காப்பியை யாரும் வாயில் வைக்க முடியாது. போன பருவத்தில் எல்லோரும் ஒரே நாளில் வந்து நின்று, கொட்டகை வாசலில் கைகலப்பே ஆகிவிட்டது. அதனால் சங்கத்துச் செயலாளர் வெங்கடாசலம் ஒரு விதி போட்டார். வீட்டுக்கு ஒரு பதிவு. ஒரு ஊரிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு வீடுதான். எல்லா ஊருக்கும் மெஷின் கிடைக்கட்டும் என்ற நல்ல எண்ணம். லூர்துசெல்வி அதை அப்படியே கோடாக எழுதினாள்.

எழுதியதைச் சோதிக்க அவளுக்குக் கிடைத்த ஆள் லாசர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மத்தியானம் கறிச்சோறு தின்றுவிட்டுக் கண் செருகுகிற நேரத்தில் செல்போனை அவன் கையில் கொடுத்து ரொப்பச் சொல்வாள். அவன் ஊர் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டான். தேதி கேட்டால் கிறிஸ்துமஸ் என்றான். வேண்டுமென்றே செய்கிறானா, தெரியாமல் செய்கிறானா என்று அவளுக்கே புரியாது. ஆனால் இந்த மாதிரி ஒரு ஆள் கிடைக்க அந்தத் தொழிலில் இருப்பவர்கள் கொடுத்துவைத்திருக்க வேண்டும். அவன் தப்பாக ரொப்பிய ஒவ்வொரு கட்டத்துக்கும் அவள் ஒரு காவல் எழுதினாள்.

ஒரு தரம் எல்லாவற்றையும் ஒழுங்காகப் போட்டான். லாசர், கிளியூர், பழம் சுழியம் கிலோ. படிவம் அதையும் வாங்கிக்கொண்டு, நன்றி, உங்கள் பதிவு ஏற்கப்பட்டது என்றது.

"ஏனுங்க, பழமே இல்லாத ஆளுக்கு எதுக்குங்க மெஷினு?"

"நம்ம ஊட்டுல ஒரு காப்பிச்செடி கூட இல்லயே செல்வி. இல்லாததை நான் என்னன்னு போடறது? பொய்யா சொல்லச் சொல்ற?"

அவள் மூக்கு விடைக்க ஒரு வரி எழுதினாள். ஒரு கிலோவுக்குக் குறைந்தால் ஏற்காது.

படிவம் திறந்தது. முதல் நாளே ஊர்ஊராகப் பதிவு வந்து விழுந்தது. லாசர் டீக்கடையில் தலை நிமிர்ந்து உட்கார்ந்தான். மறுநாள் வெங்கடாசலம் போன் செய்தார். அவர் குரல் பக்கத்தில் நின்ற லாசருக்கே கேட்டது.

"ஏம்மா, வாழவந்தி ஆராயி போட்டிருக்கறதைப் பாத்தீங்களா? அந்தம்மாவுக்கு இருக்கறது அரை ஏக்கரு. சனிக்கிழமைக்கு ரெண்டு டன் பழம்னு போட்டிருக்குது. அரை ஏக்கர்ல ரெண்டு டன்னு எப்படிம்மா வரும்? வெளிப்பழம் வாங்கி நம்ம மெஷின்ல ஏத்தப் பாக்குதுங்க. உங்க ஃபாரம் அதுக்கும் நன்றி சொல்லி அனுப்பி வெச்சிருக்குது!"

வெங்கடாசலம் கெட்டவரில்லை. வெளியூர் வியாபாரி ஒருவன் உறுப்பினர் பெயரில் கண்ட பழத்தையும் கொண்டுவந்து உரித்து, மொத்தச் சரக்கும் ருசி கெட்டுப்போனதில் முன்பொரு பருவம் சூடுபட்டவர். உறுப்பினர்கள் பெயரெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவர்கள் நிலத்தின் அளவும் மனப்பாடம். ஆராயியின் பதிவை ரத்து செய்யப்போவதாகச் சொன்னார். இப்படிப் பொய்யை வடிகட்டத் தெரியாத படிவத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சனிக்கிழமைக்குப் பிறகு கமிட்டியில் பேசப்போவதாகவும் சொன்னார். அவள் போனை வைத்ததும் லாசர் வண்டி கழுவப் போனான். வண்டி ஏற்கெனவே சுத்தமாக இருந்தது. பாதி வாளியோடு திரும்பி வந்து, "வா, வாழவந்திக்கே போய்க் கேட்டுப்போடலாம்" என்றான்.

வாழவந்தியில் பிக்கப் போகிற பாதை ஆராயி வீட்டு வாசலோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் ஒற்றையடிதான். வீட்டில் யாருமில்லை. மேலே சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே பேச்சும் சிரிப்புமாகக் கேட்க, ஏறிப் போனார்கள். ஊரே அங்கே இருந்தது. இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு வரிசையாக நின்று சிவந்த பழமாகப் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க, ஆம்பளைச் சட்டை போட்ட ஒரு பெண் வரிசையை விரட்டிக்கொண்டிருந்தாள். அவள்தான் ஆராயி. சங்கத்து ஃபாரம் எழுதியது நான்தான் என்று லூர்துசெல்வி பேரைச் சொல்லிக்கொண்டாள்.

"ஏனுங்கக்கா, இது உங்க காடுங்களா?" என்று கேட்டாள் லூர்துசெல்வி.

"இல்லீங்க கண்ணு, இது வெள்ளையன் காடு. எங்க காட்டைக் காத்தாலயே முடிச்சாச்சு. இது முடிஞ்சா அப்பால அத்தாயி காடு. இது முதல் சுத்து, கொஞ்சந்தான் வரும், ஊட்டுலயே காயப்போட்டுக்குவோம். சனிக்கிழமதான் பெரிய சுத்து."

லூர்துசெல்விக்கு விளங்கவில்லை. கூலிக்கு வந்திருக்கிறீர்களா என்று கேட்டாள். கேட்டதும் வரிசையே சிரித்தது. கூலிக்கு ஆள் வைக்க இங்கே யாரிடம் என்ன இருக்கிறது? இன்றைக்கு உன் காட்டுக்கு நான் கை கொடுத்தால், என் காட்டுக்கு நீ கை கொடுப்பாய். எல்லாமே துண்டுக் காடு, அரை ஏக்கர் ஒரு ஏக்கர் தோட்டம். ஊரே சேர்ந்து இறங்கினால் ஒரே நாளில் எல்லா ஊட்டுப் பழமும் எடுபட்டுவிடும். வண்டி வருகிற வாசல் ஆராயியுடையது என்பதால் எல்லாம் அங்கே வந்து குவியும். ஒரே வண்டியில் போகும். இப்படித்தான் எப்போதும்.

"உங்க ஃபாரத்துல முதல்ல நான் போட்டனுங்க, ஏத்துக்குச்சு" என்றாள் ஆராயி. "அப்பறம் வெள்ளையன் போட்டா, உங்க ஊருக்கு அன்னைக்கு எடமில்ல, புதங்கிழம வாங்கங்குது. அத்தாயிக்கு அடுத்த வெள்ளி. சனிக்கிழம எடுத்த பழத்தை வெள்ளி வரைக்கும் எங்கீங்க வெச்சிருக்கறது? சரின்னு எல்லா ஊட்டுப் பழத்தையும் எங்கணக்குலயே போட்டுட்டேன். மெஷினுக்குப் பழந்தானுங்க வேணும், ஆரு பழமா இருந்தா என்ன?"

லூர்துசெல்வி மெல்லத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். லாசர் பழம் எடுக்கிற சாக்கில் ஒரு செடிக்குப் பின்னால் ஒதுங்கியிருந்தான்.

"ஏனுங்க. இது உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"இதுவா? இது சின்ன வயசுல இருந்தே தெரியுமே. இந்தப் பக்கத்துல எல்லா ஊருலயும் இப்படித்தான்."

"பின்ன ஏனுங்க எங்கிட்டச் சொல்லல?"

"நீ ஃபாரத்துல அதைக் கேக்கவே இல்லயே!"

அவள் கையில் பழம் இருந்திருந்தால் எறிந்திருப்பாள். எஸ்டேட்டில் வளர்ந்தவள். அங்கே காலையில் பெயர் கூப்பிட்டு, சாயங்காலம் எடைபோட்டு, ஆளுக்கு ஆள் தனித்தனியாகக் கூலி. பழம் எடுப்பது என்றால் அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். லாசருக்கோ இது மூச்சுவிடுகிற மாதிரி. மூச்சுவிடுவதைப் போய் யார் யாரிடம் சொல்வார்கள்? அவள் கோபமெல்லாம் வடிந்து ஒரு சிரிப்பு வந்தது. துப்பட்டாவை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு வரிசையில் ஒரு செடியைப் பிடித்தாள். அம்மாவோடு போய்ப் பழகிய கை, வேகமாகவே வந்தது. ஊர் விஷயம் பேசிக்கொண்டே, வெள்ளையன் காடு முடிந்து அத்தாயி காடும் பாதி ஆகும்வரை எடுத்தாள். எடுத்ததை ஆராயியின் சாக்கில் கொட்டிவிட்டு, சனிக்கிழமைக்குள் சரிசெய்து தருகிறேன் அக்கா என்று சொல்லிக் கிளம்பினாள்.

அங்கிருந்து நேராகச் சங்கத்துக்குப் போய் வெங்கடாசலத்திடம் சொன்னாள். "அது ஒரு ஊட்டுப் பழம் இல்லீங்க சார். ஊர்ப் பழம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருக்கட்டும்மா. நானும் மலைக்காரன்தான், சேர்ந்து எடுக்கறது எனக்குத் தெரியாதா? ஆனா எனக்கு எந்த ஊட்டுப் பழம் எவ்வளவுன்னு தனித்தனியாத் தெரியோணும். ஒரே பேர்ல ரெண்டு டன்னு வந்தா நான் யாரைன்னு நம்பறது? சனிக்கிழமைக்குள்ள அதைப் பண்ணிக் காட்டுங்க. இல்லீன்னா வாழவந்தி வண்டியை நான் உள்ள விட மாட்டேன்."

மறுநாளிலிருந்து வீட்டில் சமையல் லாசர் கைக்குப் போனது. சாரா மூன்று வேளையும் முட்டை தின்றாள். லூர்துசெல்வி படிவத்தைப் பிரித்துப் போட்டாள். இனி வீட்டுக்கு ஒரு பதிவு கிடையாது, வண்டிக்கு ஒரு பதிவு. அந்த ஒரு பதிவுக்குள் எத்தனை வீடு வேண்டுமானாலும் வரலாம். கீழே ஒரு பட்டன் இருக்கும். அழுத்தினால் புதிதாக ஒரு வரி முளைக்கும், வீட்டுக்காரர் பெயருக்கு ஒரு கட்டம், பழத்துக்கு ஒரு கட்டம். மெஷின் நாளொன்றுக்கு எவ்வளவு எடை தாங்குமோ அதைப் பார்த்துத் தேதி. கேட்பதற்கு எளிது. ஆனால் லாசர் சோதித்துப் பார்த்தபோது, இரண்டாவது வீட்டுக்குப் பட்டனை அழுத்தினால் முதல் வீட்டுக்காரர் காணாமல் போனார்.

"செல்வி, வெள்ளையன் வந்தாரு, ஆராயியைக் காணம்."

"மறுபடி போட்டுப் பாருங்க."

"இப்ப வெள்ளையனையுங் காணம்."

விஷயம் இதுதான். பட்டனை அழுத்துகிற ஒவ்வொரு முறையும் மென்பொருள் படிவத்தை முதலிலிருந்து புதிதாகச் செய்கிறது. பந்தியில் ஒவ்வொரு ஆள் வந்து உட்காரும்போதும் எல்லா இலையையும் எடுத்துவிட்டு மறுபடி இலை போடுவது மாதிரி. முன்னால் உட்கார்ந்தவர் யார், அவர் இலையில் என்ன இருந்தது என்று யாராவது நினைவு வைத்திருந்து அப்படியே பரிமாற வேண்டும். அந்த நினைவை எங்கே வைப்பது, எப்போது எடுப்பது என்பதில்தான் அவள் இரண்டு நாள் மாட்டிக்கொண்டாள். நகம் கடித்தாள். காப்பியை ஆறவிட்டாள். லாசர் தன் காப்பியை ஊதிக் குடிக்கக்கூடப் பயந்து பக்கத்தில் உட்கார்ந்து, கூப்பிட்டபோதெல்லாம் ஆராயி, வெள்ளையன், அத்தாயி என்று பெயர்களைப் போட்டுக்கொண்டே இருந்தான். வியாழக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் ஒன்றாக நின்றார்கள். அவன் இன்னும் பட்டனை அழுத்தினான். யாரும் போகவில்லை. வரிசை நீண்டுகொண்டே போனது. லாசருக்குக் கண் கலங்கிவிட்டது. கம்ப்யூட்டரைப் பார்த்து அழுத முதல் டிரைவர் அவனாகத்தான் இருக்கும்.

பட்டனின் மேல், 'மற்றொரு உறுப்பினர் குடும்பத்தைச் சேர்க்கவும்' என்று எழுதியிருந்தாள்.

"இது ஆருக்குப் புரியும்? ஆராயி உங்கிட்ட எப்படிப் பேசுனாங்க? ஊடுன்னுதான சொன்னாங்க?"

அவள் யோசித்துவிட்டு அழித்தாள். 'இன்னொரு ஊடு' என்று மாற்றினாள்.

சனிக்கிழமை மாலை வாழவந்தி வாசலில் லாசர் வண்டியை நிறுத்தியபோது சாக்குகள் மலையாகக் கிடந்தன. ஏற்றிக்கொண்டிருக்கும்போதே ஆராயி செல்போனில் வீடுவீடாகச் சேர்த்துக்கொண்டிருந்தாள். வண்டி கிளம்புகிற வரை சேர்த்துக்கொள்ளலாம் என்பது லூர்துசெல்வி வைத்த ஏற்பாடு. கடைசியில் ஆராயி ஒரு சின்ன மஞ்சள் பையைக் கொண்டுவந்து முன் சீட்டில் வைத்தாள். "இது தனிங்க. சாக்கோட கலந்துறாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவளும் முன்னால் ஏறிக்கொண்டாள். லாசருக்கு அதைக் கேட்க நேரமில்லை. அவன் மனமெல்லாம் கொட்டகை வாசலில் நிற்கப்போகும் வெங்கடாசலத்தின் முகத்தில் இருந்தது.

அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் லூர்துசெல்வி, கைக்குட்டையை முறுக்கிக்கொண்டு. அவர் ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்தார். ஆராயி, சரி. வெள்ளையன், சரி. அத்தாயி, மாதேஸ்வரன். ஒவ்வொருவர் நிலத்தையும் மனதிலேயே பெருக்கிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. சாக்குகள் தராசில் ஏறி இறங்கின. எடை பொருந்தியது. அவர் தலையாட்டிக்கொண்டே கடைசி வரிக்கு வந்து நின்றார்.

"லூர்துசெல்வி. ஒரு கிலோ." கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இது யாரும்மா?"

லூர்துசெல்வி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "சார், இது நான் போடலீங்க... சோதனைக்குப் போட்டது எதாச்சும் ஒட்டிக்கிட்டு..."

"நாந்தானுங்க போட்டேன்" என்றாள் ஆராயி. மஞ்சள் பையைத் தூக்கி மேசைமேல் வைத்தாள். "அன்னைக்கு இந்தப் புள்ள வந்து எங்க ஊர்க் காட்டுல கை குடுத்துச்சு. கை வாங்குனா திருப்பிக் குடுக்கோணுமல்ல? இதுக்குக் காடு இல்ல, நாங்க எங்க போய்க் குடுக்கறது? அதான் ஒவ்வொரு ஊட்டுச் செடியிலயும் ஒரு கைப் பழம் இதுக்குன்னு எடுத்தோம். முதல்ல பேரை மட்டுந்தான் போட்டேன், உங்க ஃபாரம் ஒத்துக்கல. ஒரு கிலோவாச்சும் வேணும்னுச்சு. சரியா ஒரு கிலோ இருக்குது, நிறுத்துப் பாருங்க."

மெஷின்காரர் பெல்ட்டில் கை வைத்தபடி நின்றார். வெங்கடாசலம் பையைத் திறந்து பார்த்தார். பச்சைக்காய் ஒன்றுகூட இல்லை. எல்லாம் நல்ல சிவப்பு.

"உறுப்பினர் அல்லாதவங்க பழத்தை நான் உள்ள விட முடியாதுங்களே" என்றார். லாசருக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஒரு கிலோவை அவர் தலையிலேயே கொட்டியிருப்பான். அவர் லூர்துசெல்வி பக்கம் திரும்பினார். "உறுப்பினர் ஆக்கோணும்னா ஒரு விதி இருக்குதும்மா. மலையிலயே குடியிருக்கோணும். கமிட்டியில உங்க ஃபாரத்தைப் பத்தி நான் சொல்லிக்கறேன், வேலைக்கு ஒண்ணுங் குறை வராது. நீங்க எனக்கு இதை மட்டும் சொல்லுங்க. எப்பவும் மலையிலதான இருப்பீங்க?"

இத்தனை வருஷமாக லாசர் கேட்காமல் விட்ட கேள்வி. இந்த ஒரு பருவமாக ஒவ்வொரு நாளும் வாய் வரைக்கும் வந்து, வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடவைத்த கேள்வி. அதை வேறொரு மனிதர், தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, சாவகாசமாகக் கேட்டுவிட்டார். லாசர் தரையைப் பார்த்தான். பதிலைக் கேட்கவும் வேண்டும், கேட்கவும் முடியாது.

லூர்துசெல்வி அழுதுகொண்டிருந்தாள். துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெங்கடாசலத்தைப் பார்க்காமல் புருஷனைப் பார்த்தாள்.

"இருப்பேனுங்க" என்றாள். "சாகிற வரைக்கும்."

லாசர் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு மெஷின் மேல் ஏறினான். இரண்டு டன் காத்திருக்கட்டும் என்று, அந்த ஒரு கிலோவைத்தான் முதலில் கொட்டினான்.